பஞ்சலிங்கம் பார்க்காத கோல்

மட்டுவில் ஊர்ப் பஞ்சலிங்கத்துக்கு உதைபந்தாட்டம் என்றால் உயிர். சும்மா வாயால் சொல்கிற உயிர் இல்லை. மூன்று வருடங்களில் பத்தொன்பது சனிக்கிழமைகள் சைக்கிள் மிதித்திருக்கிறான். போகப் பதின்மூன்று கட்டை, அதாவது பதின்மூன்று மைல், வரப் பதின்மூன்று கட்டை, செயின் கழன்றால் அதற்குப் புறம்பாக அரை மணித்தியாலம். இவ்வளவும் மிதித்துப் போய் அவன் தன் இரண்டு கண்ணாலும் கண்ட கோல்கள் மொத்தம் பூச்சியம்.

அவனுக்குக் கண்ணில் கோளாறு இல்லை. கோளாறு, அந்த ஆட்டங்களை நடத்துகிற வட்டார உதைபந்தாட்ட ஒன்றியத்தில் இருந்தது. அதைக் கோளாறு என்றும் சொல்லக்கூடாது. ஒன்றியத்தார் அதைப் பண்பாடு என்றுதான் சொல்வார்கள். ஆட்டம் தொடங்க முதல் விளக்கேற்ற வேண்டும், கொடியேற்ற வேண்டும், மாலை போட வேண்டும். ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும். அதற்குள் பொழுது பட்டுவிடும். மைதானத்தில் விளக்கு என்றைக்கும் இருந்ததில்லை, இப்போது ஊரிலேயே மின்சாரமும் இல்லை. இருட்டில் பந்து தெரியாது. ஆகவே இரண்டு கழகங்களும் இணைச் சம்பியன் என்று அறிவித்து, நன்றியுரை சொல்லிக் கலைந்துவிடுவார்கள்.

ஒருமுறை தலைமையுரையின் நடுவில் குண்டு போடுகிற பொம்மர் விமானம் வந்தது. சனம் விழுந்தடித்துப் பதுங்கு குழிக்குள் இறங்கியது. தலைவர் நமசிவாயமும் இறங்கினார், மைக்கோடு. வயர் நீளமானதாக இருந்தபடியால் பேச்சு தடைப்படவில்லை. "இறுதியாக ஒன்று" என்று அவர் குழிக்குள்ளிருந்து சொன்னபோது பொம்மர் வட்டமடித்துக்கொண்டிருந்தது. பொம்மர் போய்விட்டது. இறுதி முடியவில்லை.

பஞ்சலிங்கத்தின் மனைவி செல்வநாயகிக்கு உதைபந்தாட்டத்தோடு எந்தக் கோபமும் இல்லை. அவளுடைய கோபமெல்லாம் கிணற்றடியில் கிடந்தது. அவர்களுடையது பங்குக் கிணறு. ஏழு குடும்பம், ஆளுக்கொரு நாள் இறைப்பு முறை. பஞ்சலிங்கத்தின் முறை சனிக்கிழமை. அந்த நாளைத் தவறவிட்டால் கத்தரிக்கு இனி அடுத்த சனிதான் தண்ணீர். தண்ணீர் இறைக்கிற மிசின் இருக்கிறது, மண்ணெண்ணெய் இல்லை. கிணற்றடித் துலாவைக் கையால் இழுத்துத்தான் இறைக்க வேண்டும். அவன் விளையாட்டுப் பார்க்கப் போன பத்தொன்பது சனியும் செல்வநாயகி பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரியைக் கெஞ்சிக் கூட்டிவந்து இறைத்திருக்கிறாள்.

"இஞ்சேருங்கோ, போன சனி பாத்த கோல் எத்தினை?" என்று ஒருநாள் கேட்டாள்.

"போன சனி பிரதம விருந்தினர் பிந்தி வந்தவர்."

"நான் விருந்தினரைக் கேக்கேல்லை. கோல் எத்தினை?"

"இல்லை."

"அதுக்கு முதல் சனி?"

"அண்டைக்கு மாலையொண்டு காணாமப் போச்சு. தேடி எடுக்கப் பொழுது பட்டிட்டுது."

"அப்ப இருபத்தாறு கட்டை மிதிச்சு மாலை தேடப் போனனீங்கள்."

"உனக்கு விளங்காது நாயகி. நேரிலை பாக்கிறதெண்டா அது வேறை. றேடியோவிலை கேக்கிற மாதிரியில்லை."

"றேடியோவிலையெண்டாலும் கோல் எண்டு ஒருத்தன் கத்துவான். நீங்கள் நேரிலை போய் நன்றியுரை கேட்டுக்கொண்டெல்லே வாறியள்!"

செல்வநாயகி கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"சரி. இந்தச் சனி இறுதிப் போட்டி எண்டு சொன்னனீங்கள். போங்கோ. ஒரு கோல், ஒரேயொரு கோல், உங்கடை கண்ணாலை கண்டிட்டு வாங்கோ. பிறகு நான் சாகுமட்டும் வாய் திறக்கமாட்டன். காணாட்டில் சைக்கிள் எனக்கு, சனிக்கிழமைத் துலா உங்களுக்கு. வந்து பொய் சொல்லமாட்டன் எண்டு பன்றித்தலைச்சி அம்மாளாணை சொல்லுங்கோ."

பஞ்சலிங்கம் ஆணையிட்டான். கிராமசேவகருக்குப் பொய் சொல்லியிருக்கிறான், சங்கக்கடை மனேச்சருக்குச் சொல்லியிருக்கிறான். ஆனால் பங்குனித் திங்களுக்குப் போய்ப் பொங்கல் பானை வைக்கிற அம்மாளிடம் அந்த விளையாட்டு விடமுடியாது.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் மானிப்பாய்ப் பக்கத்து மைதானத்து வாசலில் வியர்த்து விறுவிறுத்து நின்றான். வாசலில் இன்னாசித்தம்பி ரிக்கெற் கிழித்துக்கொண்டிருந்தார்.

"விழாவுக்கோ, விளையாட்டுக்கோ?"

"ரெண்டும் ஒண்டில்லையோ?"

"விலை ஒண்டு. பக்கம் வேறை. விழாவெண்டா உந்தப் பக்கம், கதிரை, தேத்தண்ணி, வடை. விளையாட்டெண்டா அந்தப் பக்கம், கயிறு."

"கயித்திலை இருக்கிறதோ?"

"கயித்துக்குப் பின்னாலை நிக்கிறது. யோசிச்சுச் சொல்லும் தம்பி, வடை உழுந்து வடை."

"விளையாட்டு."

இன்னாசித்தம்பி புதுக்கட்டு ஒன்றைத் தேடி எடுத்துத் தூசு தட்டினார். முதலாவது ரிக்கெற்றைக் கிழித்துக் கொடுத்தார். "போன முறையும் நீர் ஒராள்தானே," என்றார் இரக்கத்தோடு.

விளையாட்டுப் பார்க்க வேறு ஆட்களே இல்லை என்றில்லை. நிறையப் பேர் இருந்தார்கள், கிடுகு வேலிக்கு வெளியே. கிடுகில் ஓட்டை போட்டு ஓட்டைக்கொரு கண் வைத்து, மதகில், மாட்டுவண்டிலில், பூவரசங் கிளையில் என்று ஐந்நூறு பேர். ரிக்கெற் எடுத்தவர்களெல்லாம் கதிரைக்கும் வடைக்கும் எடுத்தவர்கள். அந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், கயிற்றைப் பிடித்தபடி பஞ்சலிங்கம் தனி ஆளாக நின்றான்.

அவன் முதலில் பார்த்தது மேடையைத்தான். பெரியவர்களின் கண்ணில் வெயில் படக்கூடாது என்று மேடையை மைதானத்துக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் அலங்காரத்துக்கு ஒரு பெரிய வெள்ளைத் துணி. மேடையில் இருப்பவர்கள் சனத்தைப் பார்ப்பார்கள். கதிரையில் இருக்கும் சனம் மேடையைப் பார்க்கும். மைதானத்தை அந்தத் துணியின் பின்பக்கம் பார்க்கும்.

செயலாளர் கந்தப்பு நிகழ்ச்சி நிரலை நீட்டினார். மொத்தம் முப்பத்தொரு நிகழ்ச்சி. இருபத்தேழாவதாக இப்படி இருந்தது: "உதைபந்தாட்டம் (நேரம் இடங்கொடுத்தால்)."

மேடையோரத்தில் ஒலிபெருக்கிக்காக ஜெனரேற்றர் ஒன்று குடுகுடுத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த மணத்தைப் பஞ்சலிங்கம் ஆழமாக இழுத்தான். மண்ணெண்ணெய். அவனுடைய கத்தரி மூன்று வருடமாகக் காணாத சாமான்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ," என்றான் கந்தப்புவிடம். "விளையாட்டை முதல் விட்டிட்டுப் பேச்சைப் பிறகு வைச்சா என்ன?"

கந்தப்பு அவனைச் சின்னப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "தம்பி, பேச்சுக்கு மைக் வேணும். மைக்குக்கு எண்ணெய் வேணும். பந்துக்கு எண்ணெய் வேணுமோ? எண்ணெய் முடியமுதல் பேசி முடிக்கவேணும். பந்து எப்பவும் உருளும்."

"பந்துக்கு வெளிச்சம் வேணுமெல்லோ?"

"வெளிச்சம் எங்கடை பொறுப்பில்லை. அது மேலையிருக்கிறவரின்ரை பொறுப்பு. அவரையும் விடேல்லை, பாரும், ரெண்டாவது நிகழ்ச்சி: இறைவணக்கம்."

மூன்று மணிக்கு விருந்தினர்கள் மேளதாளத்தோடு வந்தார்கள். பிரதம விருந்தினர் ஒருவர், சிறப்பு விருந்தினர் மூவர், கௌரவ விருந்தினர் ஐவர். இருந்த பூமாலைகள் நாலு. முதல் நாலு பேருக்கும் மாலை போட்டார்கள். அவர்கள் அடக்கத்தோடு கழற்றி மேசையில் வைத்தார்கள். அதே மாலையை எடுத்து அடுத்த நாலு பேருக்கும் போட்டார்கள். ஒன்பதாவது விருந்தினருக்குப் போடப் போனபோது மாலையில் நாரும் ஒரு செவ்வந்திப் பூவும் மிஞ்சியிருந்தன. அவர் அதையும் கண்ணில் ஒற்றிக் கழற்றிவைத்தார்.

பிறகு கைலாகு. நீலஅலைக் கழகமும் செங்கதிர்க் கழகமும் வரிசையாக நின்றன. ஒன்பது விருந்தினரும் இருபத்திரண்டு பேருக்கும் கைலாகு கொடுத்து, ஒவ்வொருவரிடமும் "எந்த ஊர்? ஆரின்ரை மகன்?" என்று கேட்டார்கள். ஒரு கௌரவ விருந்தினருக்குக் கண்ணில் வெண்படலம். வரிசை முடிந்தது தெரியாமல் நடந்துபோய்க் கோல் கம்பத்துக்கும் கைகொடுத்து, "நல்ல உறுதியான பெடியன்," என்றார்.

நாலரைக்கு நமசிவாயம் மைக்கைப் பிடித்தார். அவர் இளைப்பாறிய அதிபர். மைக்கைப் பிடிக்கும் விதத்திலேயே அது தெரியும், பிரம்பைப் பிடிப்பதுபோல.

"பெரியோர்களே! நான் இந்த ஒன்றியத்துக்குப் பதினான்கு ஆண்டுகளாகத் தலைவர். பக்கத்து வட்டாரங்களைப் பாருங்கள். கோல் விழுந்ததா இல்லையா என்று சண்டை, நடுவருக்கு அடி, ஊருக்கு ஊர் பகை! எங்கள் ஒன்றியத்தில் பதினான்கு ஆண்டுகளில் கோலால் ஒரு சண்டை உண்டா? இல்லை! ஏன் இல்லை? ஒரு கோலும் விழவில்லை!"

கைதட்டல். வடை மென்றுகொண்டு தட்டியபடியால் சத்தம் கொஞ்சம் எண்ணெய்ப்பிடிப்பாக வந்தது.

"பதினான்கு ஆண்டும் எல்லோரும் சம்பியன்! தோற்றவன் என்று ஒருவனை இந்த ஒன்றியம் இன்றுவரை உருவாக்கவில்லை! வெற்றி தோல்வியை விளையாட்டு வீரர்களின் காலில் விட்டுவிடுவது எவ்வளவு பொறுப்பற்ற செயல்! கால் என்ன படித்திருக்கிறதா? ஆகவேதான் இவ்வாண்டு முன்யோசனையோடு கேடயத்தில் 'இணைச் சம்பியன்' என்று நேற்றே எழுத்து வெட்டுவித்துவிட்டோம்!"

கயிற்றுக்குப் பின்னால் நின்ற பஞ்சலிங்கம் மேற்கே பார்த்தான். சூரியன் பனைகளின் தலைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நீலஅலைப் பெடியன்கள் சப்பாணி கட்டி இருந்து புல்லுப் பிடுங்கினார்கள். செங்கதிர்க் கோல்காப்பாளர் கம்பத்தில் சாய்ந்து நித்திரை. சைக்கிள் போகப்போகிறது, சனிக்கிழமை போகப்போகிறது, இனிச் சாகுமட்டும் துலா. அவன் கயிற்றை முறுக்கு முறுக்கென்று முறுக்கினான்.

ஐந்தே முக்காலுக்கு இருபத்தைந்தாவது நிகழ்ச்சி முடிந்தது. கந்தப்பு தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் வானத்தைப் பார்த்தார். மைக்கில் ஒரு வரலாற்று அறிவித்தல் வந்தது.

"நேரத்தைச் சேமிக்கும் முகமாக இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு ஆகிய நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நடைபெறும்! இருபத்தேழு, உதைபந்தாட்டம். இருபத்தெட்டு, நடுவருக்கு நினைவுச்சின்னம் வழங்கல். இருபத்தாறு, இரசிகர் கௌரவிப்பு! விளையாட்டுக்கென்றே ரிக்கெற் எடுக்கும் ஒரேயொரு இரசிகர், இரசிகச் செம்மல் பஞ்சலிங்கம் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்!"

"ஐயோ வேண்டாம்!" என்று பஞ்சலிங்கம் கத்தினான். "விளையாட்டுத் தொடங்குதெல்லோ! நான் பாக்கவேணும்!"

"அடக்கத்தைப் பாருங்கள்!" என்றது மைக்.

இரண்டு தொண்டர்கள் வந்து ஆளுக்கொரு கக்கத்தில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் கால் நிலத்தில் படாமலே மேடையேறினான். நடுவர் மைதான நடுவில் நின்று விசில் ஊதினார். ஊதிய கையோடு நினைவுச்சின்னம் வாங்க மேடைக்கு ஓடிவந்தார். பின்னால், துணிக்கு அந்தப் பக்கம், பந்தில் கால் படுகிற சத்தம் கேட்டது. டொம். மூன்று வருடமாக அவன் காத்திருந்த சத்தம்.

பஞ்சலிங்கம் திரும்பினான். தலைவர் தோளைப் பிடித்து நேரே திருப்பினார். "சனத்தைப் பாரும் தம்பி."

பொன்னாடை வந்தது. அது ஒரு கட்டில் விரிப்பு அளவுக்கு இருந்தது. பஞ்சலிங்கம் மறுபடி திரும்பப் பார்த்ததில் ஆடை தோளைத் தவறித் தலைக்குமேல் விழுந்து முழு ஆளையும் மூடிவிட்டது.

"அசையாதையும்! ஒரு பிலிம்தான் கிடக்கு!" என்றான் படப்பிடிப்பாளன்.

டொம். டொம். ஓடுகிற கால்களின் சத்தம். பிறகு வேலிக்கு வெளியே ஐந்நூறு தொண்டை ஒரே நேரத்தில் வெடித்தது.

"கோல்!"

பொன்னாடைக்குள்ளே பொன் நிறத்தில் இருட்டாக இருந்தது. பஞ்சலிங்கம் இரண்டு கையாலும் அதைப் பிய்த்து எடுத்து, மேடைக்குப் பின்னாலிருந்த வெள்ளைத் துணியைத் தூக்கிப் பார்த்தபோது, பந்து வலையடியில் சாதுவாகக் கிடந்தது. கோல் விழுகிறதைக் காணவில்லை. விழுந்ததைத்தான் கண்டான். இது பந்து கிடக்கிற காட்சி, கோல் அல்ல. ஆணையிட்டவனுக்கு வித்தியாசம் தெரியும்.

மேடையில் பெரிய கலக்கம். பதினான்கு வருடத்தில் வராத வில்லங்கம். கேடயத்தில் வெட்டிய எழுத்தை யார் அழிப்பது? நமசிவாயம் மைக்கிலேயே விசாரணை தொடங்கினார்.

"நடுவர் அவர்கள் கண்டாரா?"

"நான் நினைவுச்சின்னத்தைக் குனிஞ்சு வாங்கிக்கொண்டிருந்தனான் ஐயா."

"கோல்காப்பாளர்?"

செங்கதிர்க் கோல்காப்பாளர் கண்ணைக் கசக்கினார். "காணேல்லை. கண்டிருந்தாப் பிடிச்சிருப்பனே!"

"விருந்தினர்கள்?" ஒன்பது பேரும் தலையை ஆட்டினார்கள். வெண்படலக்காரர் மட்டும், "ஏதோ வெள்ளையாப் போனது மாதிரிக் கிடந்துது, அது மாடாயும் இருக்கலாம்," என்றார்.

அப்போது வேலிக்கு வெளியிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. பஞ்சலிங்கம் வேலிப் பக்கம் திரும்பினான். பத்து வருடமாகக் கேட்கிற குரல்.

"நான் கண்டனான்! நீலஅலைப் பெடியன், அந்தக் கட்டைப் பெடியன், இடக்காலாலை அடிச்சவன்! நேரை மூலைக்குள்ளை போனது!"

கிடுகு ஓட்டையில் ஒரு கண். அதற்கு மேலே பாலேஸ்வரியின் கண். விடியவே இறைத்து முடித்து, பாலேஸ்வரி மிதிக்க, செல்வநாயகி கரியரில் இருந்தபடி பதின்மூன்று கட்டை வந்திருக்கிறார்கள்.

"அம்மா, நீங்கள் ரிக்கெற் எடுத்தீர்களா?" என்று மைக் கேட்டது.

"இல்லை ஐயா. ஓட்டைக்குள்ளாலை பாத்தனான்."

"அப்படியானால் ஒன்றியத்தின் பார்வையில் நீங்கள் பார்வையாளர் அல்ல. வழிப்போக்கர். பார்வையாளர் இந்த மைதானத்தில் ஒருவர்தான்." நமசிவாயம் பஞ்சலிங்கத்தின் பக்கம் திரும்பி, மைக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "யோசிச்சுச் சொல்லும் தம்பி. கேடயத்திலை எழுத்து வெட்டியாச்சு."

மைக் அவன் வாய்க்கு வந்தது. வேலிக்கு வெளியே ஐந்நூறு பேரும், "கண்டனெண்டு சொல்லு அண்ணை!" என்று கத்தினார்கள். கட்டைப் பெடியன் மைதான நடுவில் இரண்டு கையையும் தலையில் வைத்து நின்றான். ஒரே ஒரு சொல். கண்டனான். சொன்னால் பெடியனுக்குக் கேடயம், தனக்குச் சைக்கிள், சாகுமட்டும் சனிக்கிழமை. பஞ்சலிங்கம் வாயைத் திறந்தான். கிடுகு ஓட்டையில் இருந்த கண் இமைக்கவில்லை. அந்த ஓட்டைக்குள்ளால் அம்மாளும் சேர்ந்து பார்ப்பதுபோல அவனுக்குத் தோன்றியது.

"நான் காணேல்லை ஐயா," என்றான். ஒலிபெருக்கி அதை ஊர் முழுக்கக் கொண்டுபோனது. "இண்டைக்கு மட்டுமில்லை, மூண்டு வருசமாக் காணேல்லை. கோலுக்கும் எனக்கும் நடுவிலை நீங்கள் நிண்டனீங்கள்."

நமசிவாயத்தின் கண் கலங்கியது. மைக்கைப் பறித்தார்.

"கேட்டீர்களா! இரசிகனுக்கு முன்னால் என்றும் நிற்பது இந்த ஒன்றியம் என்று ஓர் இரசிகனே சொல்லிவிட்டான்! பதினான்கு ஆண்டுச் சேவைக்கு இதைவிடப் பாராட்டு உண்டா? பார்வையாளர் எவரும் காணாதபடியால் கோல் விழுந்ததாக அறியப்படவில்லை! இரு கழகங்களும் இணைச் சம்பியன்! நன்றியுரை!"

திரும்பி வரும் வழியில் மூன்று பேரும் இரண்டு சைக்கிளில் வந்தார்கள். செல்வநாயகி பஞ்சலிங்கத்தின் கரியரில் இருந்தாள். பந்தயத்தைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வேறு கதைக்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

"அவன் முதல் வலப்பக்கம் போற மாதிரிக் காட்டினவன், என்ன? உவங்கள் ரெண்டு பேரும் நம்பி வலப்பக்கம் ஓட, பெடியன் இடப்பக்கம் வெட்டினவன்! வெட்டி ஒரு அடி! ஐயோ அப்பா, என்ரை நெஞ்சு நிண்டு போச்சு! பாலேஸ், சொல்லடி!"

"வலையை உதறிக்கொண்டு போச்சுது அண்ணை!" என்றாள் பாலேஸ்வரி பக்கத்தில் மிதித்தபடி.

கைதடியில் இடக்கால் அடித்தது. நுணாவிலில் மறுபடி அடித்தது. மட்டுவில் ஒழுங்கையில் திரும்பும்போது பந்து பதினேழாவது தடவையாக மூலைக்குள் போனது. பஞ்சலிங்கம் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு, பதின்மூன்று கட்டையும் கோலை முதுகுப்பக்கத்து றேடியோவில் கேட்டான்.

அடுத்த சனிக்கிழமை செல்வநாயகி சைக்கிளை எடுத்தாள். வெற்றி விழா என்று ஒன்றியம் இன்னொரு ஆட்டம் வைத்திருந்தது. பஞ்சலிங்கம் துலாவடியில் நின்றான். தோளில் வெயிலுக்குப் போட அவனிடம் நல்ல பொன்னாடை இருந்தது. கத்தரிக்குத் தாராளமாய்த் தண்ணீர் போனது. மூன்று வருடத்தில் கத்தரி இப்படிக் குடித்ததில்லை.

பின்னேரம் சைக்கிள் வாசலில் வந்து நின்றதும் கேட்டான்.

"பாத்த கோல் எத்தினை?"

"ஏழு."

"ஏழோ! ஒன்றியம் கலைஞ்சு போச்சோ?"

"ஒன்றியம் அங்கை பேசிக்கொண்டிருக்கு. பெடியளெல்லாம் கைலாகு குடுத்து முடிஞ்ச உடனை, ஒவ்வொருத்தராய் ஒண்டுக்குப் போறன் எண்டு சொல்லி வெளிக்கிட்டு, வேலிக்குப் பின்னாலை சும்மா கிடக்கிற வயலுக்கை விளையாடினவங்கள். வேலிக்கு இஞ்சாலை நிண்ட நாங்கள் மற்றப்பக்கம் திரும்பி நிண்டம், அவ்வளவுதான். நாலுக்கு மூண்டு. நீலஅலை வெண்டது."

"ரிக்கெற்?"

"ஆர் கேட்டது?"

"மேடையிலை ஒருத்தரும் தேடேல்லையோ?"

"அவைக்கு எங்கை தெரியும்? அவைதான் மைதானத்துக்கு முதுகெல்லே!"

பஞ்சலிங்கம் துலாக் கயிற்றை விட்டுவிட்டு நிலத்தில் குந்தினான். அடுத்த வெள்ளிக்குள் கிணற்றுப் பங்காளி ஒவ்வொருவரின் படலையிலும் ஏறி இறங்கி, சனிக்கிழமை முறையைப் புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டு வந்தான். மூன்று வருடமாக இது ஏன் தன் மூளையில் உதிக்கவில்லை என்று அவன் யோசித்துப் பார்க்கவில்லை. யோசிக்க நேரமில்லை, சனிக்கிழமை ஒரு மணி.

செல்வநாயகி ஏற்கெனவே சைக்கிளில் ஏறி, ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்றாள். பந்தயப்படி சைக்கிள் அவளுடையது. ஓடுவதும் அவள்தான்.

"பின்னுக்கு ஏறுங்கோ," என்றாள். திரும்பிப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். "கடவுளே, உந்தப் பொன்னாடையைக் கழட்டி வைச்சிட்டு வாங்கோ! கண்டா உங்களைத் திரும்ப மேடைக்கு ஏத்திப்போடுவாங்கள்!"